சோங்கு

எங்கள் வீட்டில் ஒரு துவக்கு இருக்கிறது என்பதை நான் பாடசாலையில் யாரிடமும் சொல்வதில்லை. கள்ளத் துவக்கல்ல. அனுமதிப்பத்திரம் உண்டு, வருடா வருடம் புதுப்பிக்கிறேன். என்றாலும், பகலில் தரம் ஏழுக்குப் பின்னங்கள் படிப்பிக்கிற மனிதர் இரவில் பரணில் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருப்பார் என்ற படம் பிள்ளைகளின் மனதில் விழ வேண்டாம் என்று நினைத்தேன். இப்போது எழுதுவது அந்தத் துவக்கின் மரத்தைப் பற்றி. இரும்பைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை.

தோளில் அணைத்துக்கொள்ளும் மரப்பாகத்தைச் சோங்கு என்போம். தமிழகத்து வாசகர்கள் கட்டை என்று சொல்வார்கள் போலும். நம் நாட்டில் ஒரு தலைமுறைக்கு இந்தச் சொல் அடி வாங்கிய சொல்லாகவே தெரியும். "துவக்குச் சோங்கால் இடித்தான்" என்ற வசனம் வராத போர்க்காலக் கதை குறைவு. எங்கள் வீட்டில் அதற்கு வேறு அர்த்தம் இருந்தது. வாப்பாவின் கன்னம் பட்டுப் பட்டுக் கறுத்துப் பளபளத்த ஒரு மரத்துண்டு அது.

பசறைக்கு அப்பால், நமுனுகுல மலை கண்ணுக்கு முன்னால் நிற்கிற ஒரு சரிவில் எங்கள் கிராமம். மேலே தேயிலைத் தோட்டம், கீழே படிப்படியாக இறங்கும் வயல், இடையில் எங்கள் வீடுகளும் பள்ளிவாசலும். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு தவள மாடுகளோடு வெல்லஸ்ஸைக்கும் ஊவாவுக்கும் வந்தவர்களில் சிலர் இங்கே தங்கிவிட்டார்கள், அவர்களின் பிள்ளைகள்தான் நாங்கள் என்று மூத்தாப்பா சொல்வாராம். மாடு போய் வியாபாரம் வந்தது, வியாபாரம் போய் மண்வெட்டி வந்தது. வாப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் வயலும் மேட்டில் கொஞ்சம் மரவள்ளி, வற்றாளை, சோளமும் இருந்தன. பன்றிக்கும் அவை இருப்பது தெரியும்.

1970இல் வாப்பா அந்தத் துவக்கை வாங்கினார். ஒற்றைக் குழல், பன்னிரண்டாம் நம்பர், மடக்கித் தோட்டா போடுவது. குழலின் அடியில் பேர்மிங்ஹாம் நகரச் சோதனை முத்திரைகள் சின்னச் சின்னக் கிரீடங்களாகக் குத்தப்பட்டிருக்கும். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவரிடமிருந்து தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்கும், அவரிடமிருந்து வாப்பாவுக்கும் வந்தது. சோங்கு வால்நட் மரம். துரை நெடுத்த ஆளாக இருந்திருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் கை கட்டை. வாப்பா அந்தத் துவக்கைத் தூக்கினால், மற்றவருடைய சேர்ட்டைப் போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி இருப்பார்.

துரைமாரும் துவக்கும் என்றதும் பதுளைக்காரர்களுக்கு ஒரு பெயர் ஞாபகம் வரும். பதுளை நகரத்திலுள்ள புனித மார்க் தேவாலயம் மேஜர் ரோஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுந்தது. இங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்று சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். சுற்றுலா போகும்போது பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்வேன். எப்போதும் யாராவது ஒரு பிள்ளை, "சேர், ஆயிரத்து நானூறு யானையையும் யாரு எண்ணினது?" என்று கேட்கும். சுட்டவரேதான் எண்ணியிருப்பார் என்பேன். வாப்பா தன் வாழ்நாளில் சுட்ட பன்றிகளை எண்ணவில்லை. எண்ணுவதற்கும் அதிகமில்லை, முக்கால்வாசி வெடி வானத்தைப் பார்த்துத்தான்.

மானையும் மரையையும் அவர் தொடவே மாட்டார். சட்டம் ஒரு பக்கம். நம் ஷாபி மத்ஹபில் குண்டின் அடியில் செத்துப்போன பிராணி ஹலால் ஆகாது, உயிர் நிலையாக இருக்கும்போதே போய் அறுத்தால்தான் உண்டு என்ற மசாயில் இன்னொரு பக்கம். இருட்டில் பள்ளத்தில் ஓடி விழுகிற மரைக்குப் பின்னால் கத்தியோடு ஓட யாரால் முடியும் என்று கேட்பார். பன்றியில் அந்தக் கேள்வியே இல்லை. விழுந்தால் தோட்டத்து லயத்துக்குச் சொல்லியனுப்புவார். அவர்கள் வந்து கொண்டு போவார்கள். மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழமோ அரைக் கிலோ தேயிலைத்தூளோ வாசலில் இருக்கும். எங்களுக்கும் லயத்துக்கும் இடையே அப்படி ஒரு பழைய கொடுக்கல் வாங்கல் இருந்தது. பன்றி என்ற சொல்லை இரண்டு பக்கமும் வாயால் சொல்லாமலேயே அது நடந்தது.

வாங்கி ஒரு வருடம் ஆகுமுன் 1971 ஏப்ரல் வந்தது. வெல்லவாய பொலிஸ் நிலையம் தாக்கப்பட்ட செய்தி மலையேறி வந்து சேர்ந்தபோதே வாப்பா துவக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் ஒப்படைத்துவிட்டார். பிறகு திரும்பக் கிடைத்தது. இரண்டாம் முறை 1988இல். அப்போது எனக்கு ஒன்பது வயது. ராத்திரியில் ஆட்கள் வந்து வீடு வீடாகத் துவக்குக் கேட்ட காலம். வைத்திருந்தாலும் ஆபத்து, கொடுத்தாலும் ஆபத்து. இந்த முறை ரசீது மட்டும் ஆறு வருடம் எங்கள் வீட்டுக் குர்ஆன் மாடத்தில் இருந்தது. 1994இல் துவக்கு வந்தபோது குழலில் துரு, சோங்கின் கழுத்தில் இரண்டு அங்குல நீளத்துக்கு வெடிப்பு. எத்தனையோ துவக்குகளுக்கு அடியில் விறகு மாதிரிக் கிடந்திருக்கும்.

சோங்கின் கழுத்து என்பது விசைக்குப் பின்னால் நாம் கையால் பற்றுகிற ஒடுங்கிய இடம். மரம் அங்கேதான் மெல்லியது. வெடிக்கும்போது இரும்பு பின்னால் உதைக்கிற உதை முழுவதும் அதைத் தாண்டித்தான் தோளுக்கு வருகிறது. அதனால் துவக்குகள் அந்த இடத்தில்தான் உடையும். வாப்பா புதுச் சோங்குக்கு அலையவில்லை. அந்த வருட ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் கொடுத்த ஆட்டின் தோலில் ஒரு நாடா அறுத்து, தண்ணீரில் ஊறவைத்து, கழுத்தைச் சுற்றி இறுக்கித் தைத்து நிழலில் காயவிட்டார். ஈரத்தோல் காயக் காயச் சுருங்கி இரும்புப் பூண் போலப் பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் செப்புக் கம்பி. அந்தக் கட்டு அவருடைய மௌத்துக்குப் பிறகும் இருந்தது. 2014இல் அவர் போன பின்பு துவக்கைப் பொலிஸில் வைத்து, மாவட்டச் செயலகத்துக்கு நடந்து, என் பெயருக்கு மாற்றி எடுத்தபோதும் அந்தத் தோலில் நான் கை வைக்கவில்லை.

இப்போது எனக்கே விளங்காத விடயம் இது. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் இருந்த காலத்தில் மரவேலையில் எனக்கு நல்ல விருப்பம். நார் ஓட்டம் பார்க்காமல் மரம் அறுப்பவன் மரத்தை உடைப்பதற்கே அறுக்கிறான் என்று அங்கே படித்தேன். ஈரம் பட்டால் தோல் தளரும் என்பதற்குக் கலாசாலையும் தேவையில்லை, றபான் வாசிக்கிறவர்களைக் கேட்டால் போதும். வாசிக்கு முன் நெருப்பில் காட்டி அல்லவா இறுக்குகிறார்கள்? ஊவாவில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை. பன்றியும் அப்போதுதான் வரும். அப்படியானால் அந்தக் கட்டு, தேவைப்படாத மாதங்களில் இறுகியும் தேவைப்படுகிற மாதங்களில் தளர்ந்தும் இருந்திருக்கிறது. இருபது வருடம் அது காப்பாற்றியது என்று நாங்கள் நினைத்தது வாப்பா பெரும்பாலும் வானத்தைச் சுட்டதால்தான்.

2021இல் இரசாயனப் பசளை நின்றது. அதற்கு முன்னரே கவனிப்பாரற்றுப் போன தேயிலை மலைகள் பல, அந்த இரண்டு வருடத்தில் இடுப்பளவு பற்றையாகின. மேலே காடு இறங்கி வந்தால் அதோடு காட்டில் உள்ளதும் இறங்கி வரும். 2022இல் நாடு இருந்த இருப்பு எல்லோருக்கும் தெரியும். என் சம்பளம் பாதி மாதத்துக்கு மேல் போகவில்லை. தரிசாகக் கிடந்த மேட்டு நிலம் முழுவதையும் கொத்தி வற்றாளையும் சோளமும் போட்டோம். உம்மா எழுபத்தைந்து வயதில் கொடி நட்டார். நவம்பர் மாதத்தில் ஒரே இரவில் அதில் மூன்றில் ஒரு பங்கை உழுதுவிட்டுப் போயிருந்தது.

மறுநாள் இரவு நான் பரணில் இருந்தேன். மழை விட்டு விட்டுத் தூறியது. பதினொரு மணி இருக்கும். சோளத்துக்குள் சத்தம். டோர்ச்சைக் குழலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அடித்தேன். பெரிய ஒற்றைப் பன்றி, முப்பது யார் தூரம், பக்கவாட்டாக நின்றது. கன்னத்தைச் சோங்கில் அழுத்தினேன். கழுத்து என் கைக்குள் மெல்ல வளைந்தது. அதை உணர்ந்தேன், உணர்ந்தும் விசையை இழுத்துவிட்டேன்.

தூரமும் கோணமும் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவை. முப்பது யார் தூரத்தில் குழல் ஒரு பாகை பிசகினால் குண்டு ஒன்றரை அடி விலகும். எஸ்.ஜீ. தோட்டாவில் ஒன்பது ஈயக் குண்டுகள். முன்சப்பைக்குப் போக வேண்டியவற்றில் எத்தனை பின்னால் போய்ப் பட்டனவோ. பன்றி உறுமிக்கொண்டு வேலியை உடைத்து மேலே தோட்டத்துப் பக்கம் ஓடியது. காலையில் போய்ப் பார்த்தேன். இலைகளில் இரத்தம், மழையில் பாதி கரைந்திருந்தது. வேலிக்கு அப்பால் தேயிலை. அங்கே போகவில்லை. பாடசாலைக்கு நேரமாகிவிட்டது என்று குளித்துவிட்டுப் புறப்பட்டேன்.

ஒன்பதரை மணிபோல, நான் இரண்டாம் பாடத்தில் இருந்தபோது, மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பன்றி குத்திவிட்டது என்று வெளியே சத்தம் கேட்டது. தேயிலைச் செடிக்கு அடியில் படுத்திருந்ததாம். காலை வைத்ததும் எழும்பித் தொடையைக் கிழித்துவிட்டது. பெற்றோல் பங்கீட்டுக் காலம். கியூ.ஆர். அட்டையில் மிச்சமிருந்த இரண்டு லீற்றரோடு ஒரு முச்சக்கர வண்டிக்காரன் பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டு போனான். இருபத்தொரு தையல்.

நான்காம் நாள் தரம் ஏழில் ஒரு பிள்ளை விடுமுறைக் கடிதம் கொண்டுவந்தான். தோட்டத்துப் பாடசாலை ஐந்தாம் தரத்தோடு முடிகிறது. அதற்கு மேல் அந்தப் பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். "எனது தாயாரை காட்டுப்பன்றி குத்தியபடியால் மகன் மூன்று நாட்கள் பாடசாலைக்கு சமூகமளிக்கவில்லை என்பதை பணிவுடன் அறியத்தருகிறேன்." கடிதத்தை அவனே எழுதித் தகப்பனிடம் கையெழுத்து வாங்கியிருந்தான், "எனது தாயார்" என்ற பிழை அதைக் காட்டிக்கொடுத்தது. நான் அந்தப் பிழையைத் திருத்தவில்லை. சிவப்புப் பேனையால் அனுமதி என்று எழுதி, திகதியிட்டுக் கையெழுத்து வைத்தேன். என் கணக்குப் பாடத்தில் அவன்தான் முதலாவது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து கிலோ அரிசியும் நாலு தேங்காயும் எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். வாசலில் பாயில் காலை நீட்டி இருந்தாள். "மாஸ்டர் இம்புட்டுத் தூரம் நடந்து வந்திருக்காரு" என்று எழும்பப் பார்த்தாள். பிளேன்டீ கொடுத்தார்கள். குடித்தேன். சொல்லவில்லை. ஒரு வாசிகசாலைக்கு நன்கொடை கொடுத்தவனைப் போல மரியாதையோடு அனுப்பிவைத்தார்கள். இறங்கி வருகிற வழியில், தவறு சோங்கில்தான், சோங்கை மாற்றிவிட்டால் இது முடிந்தது என்று எனக்குள்ளேயே ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். எத்தனை சுலபமான தீர்மானம்!

மெல்பேர்னில் இருக்கிற மருமகன் தொலைபேசியில் படங்கள் அனுப்பினான். அங்கெல்லாம் துவக்கை வாங்கிய பிறகு சோங்கைத் தனியாகக் கடையில் வாங்கி மாற்றிக்கொள்கிறார்களாம். 1959இலேயே அமெரிக்க ரெமிங்டன் நிறுவனம் நைலோனில் சோங்கு செய்து ஒரு துவக்கை விற்கத் தொடங்கியது. இப்போது கண்ணாடி நார், கார்பன் நார், அலுமினியச் சட்டகம் என்று போய்விட்டது. கன்னம் படுகிற இடத்தைத் திருகியால் உயர்த்தலாம், தோள் பக்கத்தை நீட்டலாம், குறுக்கலாம். மழைக்கு ஊறாது, வெயிலுக்கு வளையாது. எனக்கும் ஆசைதான். "மாமா, ஒங்களுக்கு ஒண்டு அனுப்பவா?" என்றான். "துவக்குச் சாமான் எண்டு எழுதி ஒரு பார்சல் என்ட பேருக்கு வந்தா, நான் பள்ளிக்கூடத்துக்குப் போற பாதை மாறிடும் மகன்" என்றேன். மேலும் அவை எல்லாம் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்க்கப்படுகிற துவக்குகளுக்குப் பொருந்துகிறவை. எங்களுடையது நூறு வருடத்துக்கு முன் யாரோ ஒரு தச்சன் தனியாகக் குடைந்து பொருத்தியது. ரஷ்யாவின் பைகால் துவக்கென்றால் சோங்குக்குள் பின்பக்கமிருந்து ஒரு நீண்ட பூட்டாணி ஓடி இறுக்கும்; மாற்றுவது கொஞ்சம் இலேசு. இதில் மேலேயும் கீழேயும் இரண்டு இரும்பு நாக்குகள் மரத்துக்குள் படுத்திருக்கும். அவை படுக்கிற பள்ளம் மயிரிழை தவறினாலும் புது மரமும் பழைய மரத்தின் வழியே போகும்.

தோட்டத்துத் தொழிற்சாலையில் நாற்பது வருடம் ஆசாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் லயத்தின் கோடியில் இருக்கிறார். கட்டில், ஜன்னல், சவப்பெட்டி எல்லாம் அவர் கைதான். முன்பு துரைமாரின் துவக்குகளுக்கும் வேலை செய்தவர். முதலில் துவக்குக் கிளையில் விசாரித்தேன். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நம் தலைக்கு மேல் இருக்கிறது. துவக்கைக் கண்ட இடத்தில் விட்டுவிட்டு வரக்கூடாது. இலக்கம் இரும்பில்தான் வெட்டப்பட்டிருக்கிறது, மரத்துக்கு இலக்கமில்லை. ஆனால் இரும்பு உங்கள் கையை விட்டுப் போகக்கூடாது என்றார்கள். ஆகவே 2023 ஜனவரி முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் இரும்பைப் பையில் எடுத்துக்கொண்டு போவேன், பின்னேரம் எடுத்துக்கொண்டு வருவேன். ஆசாரி வேலை செய்யும்போது பக்கத்தில் மணையில் இருப்பேன்.

மரம் பார்த்தோம். பலா இலேசு, ஆனால் கழுத்துக்கு நம்ப முடியாது. முதிரை அழகு, பாரம் அதிகம், வெடிக்கும். அவர் தன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துண்டை இழுத்தார். இடித்த பங்களா ஒன்றின் படிக்கட்டுக் கைபிடி. ஹல்மில்ல; தமிழில் சமண்டலை என்பது. ஒரு காலத்தில் திருகோணமலை மரம் என்றே பெயர் பெற்றுக் கப்பலேறிப் போனது. வளையும், உடையாது, மண்வெட்டிப் பிடிக்கும் வண்டிக்கும் படகுக்கும் அதுதான். எழுபது வருடமாவது காய்ந்திருக்கும் என்றார். ஓரத்தில் நாக்கை வைத்துப் பார்த்தார். ஈரம் இருந்தால் நாக்குக்குத் தெரியுமாம். நான் கலாசாலையில் படிக்காத பாடம்.

அளவு எடுத்தது என் மீதுதான். முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் கணு வரைக்கும் கயிறு பிடித்தார். பதின்மூன்றே கால் அங்குலம். பழைய சோங்கு பதினாலரை. "இவ்வளவு நாளும் நீங்க வேற ஆளோட துவக்கத்தான் தூக்கியிருக்கீங்க மாஸ்டர்" என்றார். சன்னத் துவக்குக்குப் பின் குறி கிடையாது. சுடுகிறவனின் கண்தான் பின் குறி. கன்னம் மரத்தில் எங்கே படிகிறதோ அதைப் பொறுத்துக் கண் நிற்கும். கன்னம் படியாமல் தலை தூக்கினால் வெடி மேலே போகும். என்னை ஒரு தூணுக்கு முன்னால் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளுக்குக் கொண்டுவரச் சொல்லி, பிறகு திறக்கச் சொன்னார். திறந்தபோது குழல் எங்கே பார்க்கிறதோ அதைக் கொண்டு மரத்தைச் சீவினார். ஒரு சனிக்கிழமை முழுவதும் இதே வேலை. நாற்பது தரமாவது தூக்கியிருப்பேன். லயத்துப் பிள்ளைகள் வரிசையாகக் குந்தியிருந்து பார்த்தார்கள். ரகசியம் அத்தோடு போயிற்று.

பிறகு குடைதல். மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் இரும்பைக் காட்டுவார். கரி படிந்த இரும்பை மரத்தில் வைத்து மெல்லத் தட்டி எடுப்பார். மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் உளியால் ஒரு சீவல். மறுபடி புகை, மறுபடி தட்டு, மறுபடி சீவல். நூறு தரம், இருநூறு தரம். கடைசியில் பள்ளம் முழுவதும் ஒரே மாதிரிக் கறுக்கும். அப்போதுதான் உதையை மரம் முழுவதும் பங்கு போட்டுக்கொள்ளும் என்றார். ஆனால் மேல் நாக்கின் நுனிக்குப் பின்னால் மட்டும் ஒரு தாள் கனத்துக்கு வெளி விட்டார். அது ஏன் என்று கேட்டேன். நுனி முட்டினால் ஆப்பு மாதிரி ஆகிவிடும், ஒவ்வொரு வெடிக்கும் மரத்தைப் பிளக்கும். பழைய சோங்கை எடுத்து வெடிப்பைக் காட்டினார். அது அந்த நுனியிலிருந்துதான் தொடங்கியிருந்தது. முப்பது வருடமாக நான் மனதுக்குள் குற்றம் சாட்டி வந்த அந்தக் களஞ்சியத்துக்கு அதில் பாதிப் பங்குதான் இருந்திருக்கிறது. மரம் சுருங்கி நுனி முட்டத் தொடங்கியதை வாப்பாவும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

நான்காம் சனிக்கிழமை. வேலை ஏறத்தாழ முடிந்துவிட்டது. அவர் உளியைத் துடைத்து வைத்துவிட்டு, பீடி வைக்கிற தகரப் பெட்டியைத் திறந்து, இரண்டு ஈயக் குண்டுகளை எடுத்து மணையில் வைத்தார். ஒன்று தட்டையாகிப் போயிருந்தது.

"இது ஒங்களோடதானுங்களே மாஸ்டர்?"

அந்தப் பன்றியை மூன்றாம் நாள் தோட்டத்து ஆட்கள் நாய்களோடு மடக்கிக் கொன்றிருக்கிறார்கள். பங்கு போட்டபோது பின்சப்பையில் கிடைத்தவை இவை. இந்தச் சரிவில் அனுமதியுள்ள துவக்கு மூன்று. மற்ற இரண்டும் அந்தக் கிழமை பூட்டிக் கிடந்தன. அவருக்கு நவம்பரிலிருந்தே தெரியும். அரிசி மூட்டையோடு நான் வந்து போனதும் தெரியும். அந்தப் பெண் அவருடைய தம்பி மகள்.

"தெரிஞ்சும் ஏன் ஐயா எனக்கு இந்த வேலையச் செஞ்சீங்க?"

"சோங்கு ஒடஞ்ச துவக்கு இன்னொரு தரம் வெடிக்கக்கூடாது பாருங்க. அதுக்காகச் செஞ்சேன். ஆணி பூட்டுறதுக்கு முன்ன அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிப்புடுங்க. நான் சொல்றது நல்லாயிருக்காது."

அன்றைக்கும் நான் நேராகப் போகவில்லை. வீட்டுக்கு வந்து அஸர் தொழுதேன், தொழுகையில் ரக்அத் எண்ணிக்கை பிசகிற்று. மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்க போகணுமோ அங்க போயிட்டு வாங்க" என்றாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

அந்தப் பெண் முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சாய்ந்துதான் நடந்தாள். மகன் பீலியடிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். நின்றபடியே சொன்னேன். "தங்கச்சி, அந்தப் பண்டிக்கு வெடி வச்சது நான்தான். காயப்பட்டு ஓடினதும் எனக்குத் தெரியும்."

அவள் கையிலிருந்த விறகை அடுக்கி முடித்தாள். பிறகு சொன்னாள், "ராத்திரி சத்தம் நானும் கேட்டேங்க. ஒரே ஒரு வெடி. பன்னி விழுந்திருந்தா நீங்க லயத்துக்குச் சொல்லி அனுப்பியிருப்பீங்க, ஒங்க வாப்பா காலத்துல அப்படித்தான். ஆளு வரலைன்னதும், ஆகாசத்துலதான் வெடி வச்சிருக்காரு மாஸ்டருன்னு நெனச்சுக்கிட்டுத்தான் மலைக்குப் போனேன்."

எனக்குப் பேச ஒன்றுமிருக்கவில்லை. அவள் கோபப்பட்டதாகவும் தெரியவில்லை.

"சோங்கு, கீங்குன்னு பெரியப்பா சொல்லிக்கிட்டிருந்தாரு. அது எனக்கு வெளங்காதுங்க. நாங்க ஏழு மணிக்குப் பெரட்டுக்கு வந்துருவோம். ராத்திரி அடிபட்டு ஓடுனா, காலையில கணக்கப்புள்ளகிட்ட இந்தப் பக்கமா ஓடுச்சுன்னு ஒரு வார்த்த வந்து சொல்லுங்க. வேற மலையில நிரை போட்டுக்குவோம்." கொஞ்சம் நின்று, "பையன்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க. ஒங்க கணக்குப் பாடம்னா அவனுக்கு உசுரு" என்றாள்.

வேலிக்கு அப்பால் இரத்தத்தைப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போன அந்தக் காலையிலிருந்து பிரட்டுக்களம் எண்ணூறு யார் தூரம்.

அடுத்த சனிக்கிழமை ஆசாரி இரண்டு திருகாணியையும் பூட்டினார். பழைய சோங்கின் அடித்தகட்டைக் கழற்றிப் புதியதில் வைக்க, அதற்குக் கீழே தேய்ந்த றப்பர் செருப்பு ஒன்றை வெட்டி ஒட்டினார். உதை பாதியாகக் குறைந்தது. லின்சீட் எண்ணெயைத் துளித்துளியாக உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஒரு வாரம் காயவிட்டோம். ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பத்துப் பூச்சு. கூலியாக அவர் சொன்ன தொகை ஒரு ஜன்னல் சட்டத்துக்கும் காணாது. உம்மா புதுச் சோங்கை மோந்து பார்த்துவிட்டு, "இதுல ஒங்கட வாப்பாட மணம் இல்ல" என்றார். பழையதை விறகில் போட விடவில்லை. ஆட்டுத்தோல் கட்டோடு அது நெல்லுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. 2025 மார்ச் 15ஆம் திகதி குரங்கையும் மயிலையும் ஐந்து நிமிடம் எண்ணச் சொல்லி அரசாங்கம் தாள் கொடுத்தபோது, உம்மா அந்தச் சோங்கை ஊன்றிக்கொண்டுதான் முற்றத்தில் நின்று எண்ணினார்.

புதுச் சோங்கோடு நான் சுட்டது மூன்றே தரம். முதலாவது, மண் மேட்டில் சாக்குக் கட்டி, குறி பார்க்க. ஒன்பதில் எட்டு சாக்கில் விழுந்தன. இரண்டாவது சென்ற வருடம் டிசம்பரில், ஒரு பன்றி, நின்ற இடத்திலேயே விழுந்தது, லயத்துக்குச் சொல்லியனுப்பினேன். மூன்றாவது இந்த ஜனவரியில். சோங்கு அசையவில்லை, கன்னம் சரியாகப் படிந்தது, கண்ணும் சரி. விசையை இழுக்கிற நொடியில் பன்றி திரும்பிவிட்டது. உறுமிக்கொண்டு அதே வேலி வழியே மேலே ஓடியது.

பரணில் இருந்து விடியும்வரை காத்திருந்தேன். சுபஹ் பாங்கு சொன்னதும் இறங்கித் தொழுதுவிட்டு, டோர்ச்சை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். பிரட்டுக்களத்தில் பெண்கள் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு குளிரில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஆறாம் நம்பர் மலைப்பக்கம் ஓடிட்டுது, பின்னங்கால்ல அடி" என்றேன். "ஆறாம் நம்பர்ல நேத்தே நிரை வெட்டி வச்சிருக்கேனே மாஸ்டர், இப்ப எங்கங்க இவங்கள விடுவேன்" என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே தாளைத் திருப்பி எழுதத் தொடங்கினார். வரிசையின் கடைசியில் இருந்து அவள், "ஒம்பதாம் நம்பருக்கு விடுங்க, அங்கதான் கொழுந்து முத்திக் கெடக்கு" என்றாள். நான் பாடசாலைக்குப் போக இறங்கினேன்.